பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் நடுவே

நகரமைப்பு அலுவலகத்தில் அவரை எல்லோரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடங்களாக வரைபடத்தில் கோடு போடுவது அவர் வேலை. முதல் பதினைந்து வருடம் மைப்பேனாவில் போட்டார். பிறகு கணினி வந்தது; முதுகுவலி மட்டும் அப்படியே இருந்தது. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை நிறம் சொல்லும். வீடு மஞ்சள், கடை நீலம், விவசாயம் பச்சை. நிறத்தை முடிவு செய்வது மேலே இருப்பவர்கள். அது கோட்டுக்கு வெளியே வழியாமல் பார்த்துக்கொள்வது கோட்டக்கா.

பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் வயல். இரண்டு ஊரும் வருடாவருடம் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. கோட்டக்காவின் கணவர் அந்தச் சாலையில் பேருந்து ஓட்டுகிறவர். "நடுவுல ஒரு நிறுத்தம் கிடையாது, ஒரு சிக்னல் கிடையாது. மூணாவது கியருக்கு மேல ஒண்ணு இருக்குன்னு எனக்கு ஞாபகம் வர்றதே அங்கதான்" என்பார்.

அந்த வருடம் புதிய நிலப்பயன்பாட்டுத் திட்டம் வந்தது. நாலு கிலோமீட்டரும் மஞ்சள். காரணம் என்ற கட்டத்தில் "பயிரில்லாத் தரிசு" என்று இரண்டே சொல். ஆதாரமாக வானிலிருந்து எடுத்த படம் ஒன்று இணைத்திருந்தார்கள். அதன் மூலையில் இருந்த தேதியைக் கோட்டக்கா படித்தார். அறுவடை முடிந்து பத்தாம் நாள்.

அதிகாரியிடம் போய்ச் சொன்னார்.

"சார், அறுத்த மறுவாரம் படம் எடுத்தா எந்த வயலும் தரிசாத்தான் தெரியும்."

"படத்துல பயிர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"முடி வெட்டின அன்னிக்குப் படம் எடுத்து, இவருக்கு முடியே வளராதுன்னு எழுதின மாதிரி இருக்கு சார்."

அதிகாரிக்கு வழுக்கை. சொன்ன பிறகுதான் கோட்டக்காவுக்கு அது உறைத்தது. அவர் வாயைத் திறக்கும் முன் கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். கணவரின் பேருந்தில் ஏறி, நிறுத்தமே இல்லாத இடத்தில் இறங்கினார். கையில் புல எண் போட்ட வரைபடம், தண்ணீர் பாட்டில், குடை. ஒவ்வொரு வயலாக நடந்து, என்ன விளைகிறது என்று எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு வயல்களில் இருநூற்று எண்பதில் பயிர் நின்றது. மீதியில் நாலைந்து உழவுக்குக் காத்திருந்தன. ஒன்றில் ஒரு எருமை படுத்திருந்தது. அதை எந்த நிறத்தில் சேர்ப்பது என்று யோசித்து விட்டுவிட்டார்.

புதிய திட்டத்தில் இருபதடிச் சாலை என்று போட்டிருந்த இடத்தில் ஒரு வாய்க்கால் இருந்தது. கரையில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"இங்க ரோடு போடலாமான்னு பார்க்கிறாங்க."

"தாராளமா போடட்டும். மழை பெஞ்சா பெரிய ஊர்த் தண்ணி மொத்தமும் இதுலதான் வரும். ரோடு போட்டா ரோட்டுல வரும். தண்ணிக்கு வேற வழி தெரியாது."

கோட்டக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டக்காவின் வீட்டுக்கு அவருடைய அண்ணன் வந்தார். அந்த நாலு கிலோமீட்டருக்குள் அவருக்கு நாலு ஏக்கர். தங்கைக்கு ஐம்பத்து மூன்று வயதாகியும் அவருக்குப் பாப்பாதான்.

"பாப்பா, நீ வயக்காட்டுல குடை பிடிச்சுட்டுச் சுத்தினதா சொல்றாங்க."

"ஆமாண்ணா."

"மஞ்சள் ஆனா மனை போட்டு வித்துரலாம்னு இருக்கேன். ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஆளுக்கொரு வீடு. நீ குறுக்க வராத."

"நான் எங்கண்ணா வந்தேன். இருக்கறத இருக்குன்னு எழுதினேன்."

"உனக்கு என்ன, ஒரு கோடுதானே?"

"ஒரு கோடுதான்" என்றார் கோட்டக்கா. அண்ணன் காபியைத் தொடாமல் போனார். அதுவரை அந்த வீட்டில் அவர் காபியை மிச்சம் வைத்ததே இல்லை.

வயலில் எழுதிய களக்குறிப்பில் கோட்டக்கா கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார். அதிகாரி ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "பார்வையிடப்பட்டது" என்று முத்திரை குத்தினார். பொதுமக்கள் ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம் என்ற அறிவிப்பு, விதிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பலகை ஒரு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. ஒட்டடை அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கோட்டக்கா பீரோவை நகர்த்த வைத்தார். ஒட்டடையும் அடித்தார். பீரோவைத் திரும்ப நகர்த்தச் சொல்ல மறந்துவிட்டார்.

மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த கணவர் அறிவிப்பை நின்று படித்தார். அன்றிலிருந்து, அந்த நாலு கிலோமீட்டர் வரும்போதெல்லாம் பயணிகளுக்கு அதை ஒப்பித்தார். முப்பதாம் நாள் அறுநூற்றுப் பதினாலு ஆட்சேபங்கள் வந்திருந்தன. அதில் நாற்பது, பயணச்சீட்டின் பின்பக்கம் எழுதியவை. செல்லுமா என்று அதிகாரி விதியைப் புரட்டினார். எழுத்து மூலம் என்று இருந்தது; தாளின் அளவு சொல்லப்படவில்லை.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். மூன்றாவது வரிசையில் அண்ணன், பக்கத்தில் அண்ணி. குழுத் தலைவி களக்குறிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"இது யார் எழுதினது?"

கோட்டக்கா எழுந்தார்.

"உங்க சொந்தக்காரங்க யாருக்காவது அங்க நிலம் இருக்கா?"

"இருக்குங்க. என் அண்ணனுக்கு நாலு ஏக்கர்."

"பச்சையாவே இருந்தா அவருக்கு லாபமா?"

"இல்லைங்க. நஷ்டம்."

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான். அங்க பயிர் இருந்துச்சுங்க."

கோட்டக்கா உட்கார்ந்தார். மூன்றாவது வரிசைப் பக்கம் அவர் திரும்பவில்லை. கூட்டம் முடிந்து பார்த்தபோது அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. அலுவலகத்துக்குத் திரும்பி, யாரும் இல்லாத நகல் அறையில் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. பெரிய ஊரை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் மஞ்சள். மீதி மூன்றும் வாய்க்காலும் பச்சை. அண்ணனின் நிலம் எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளிப் பச்சையில் விழுந்தது. கணினியில் அந்தக் கோட்டைப் போட்டதும் கோட்டக்காதான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து போட்டார்.

பதினாலு மாதம் அண்ணன் பேசவில்லை. அண்ணி மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "அவர் பக்கத்துலதான் இருக்கார், நல்லாத்தான் இருக்கார்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுவார். நாலு ஏக்கரையும் காய்கறி போடுகிற ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டதாகச் செய்தி வந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, என் வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரன் அஸ்திவாரம் தோண்டுறான்."

"உள்ள வாங்கண்ணா."

"அது பச்சை தானே?"

"பச்சைதான்."

"பச்சையில எப்படி வீடு கட்டுவான்? கேட்க ஆள் இல்லையா? எனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டமா?"

கோட்டக்கா சிரிக்கவில்லை. புகார் எப்படி எழுதுவது என்று சொன்னார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். "விளைநிலம்" என்பதற்கு எந்த 'ள' என்று ஒரு தடவை கேட்டார். அடுப்பில் இருந்ததைத் தட்டில் போட்டுக் கொடுத்ததும் சாப்பிட்டுவிட்டு, நடவடிக்கை எடுக்காவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தார்.

"எங்க ஆபீசர்தாண்ணா. முடியைப் பத்தி மட்டும் பேசாதீங்க."