பேசாத படகோட்டி

“உன் ரத்தத்தால் இந்த மண்ணைக் கழுவுவேன்!” என்று லிஃப்டுக்குள் உறுமிவிட்டு, கையிலிருந்த தாளைப் புரட்டினார் அக்கா. கூட நின்ற கூரியர்காரர் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்.

வீடியோ கேம்களில் வரும் வசனம் தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. அதே நிறுவனத்தில் நான் ஒலி சேர்ப்பவன். எழுத்தாளர்கள் அவரைக் ‘கத்திரி அக்கா’ என்பார்கள், அவர் காதுபடவே. எதையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் தீர்ப்பு. “வாய்ல நிக்காதது காதுல எங்க நிக்கும்?” சண்டைக்கு நடுவே நாயகன் நீட்டி முழக்கினால், “இவன் பேசி முடிக்கறதுக்குள்ள எதிராளி வெட்டிட்டு வீட்டுக்கே போயிருப்பான்” என்பார். கேமில் வரும் கடைக்காரனின் ஒற்றை வரியை மட்டும் நாள் முழுக்க முணுமுணுப்பார். “நூறு தடவ கேட்டாலும் அவன்மேல எரிச்சல் வரக் கூடாதுல்ல?”

வீட்டிலும் கத்திரி ஓயாது. “பால் தீந்துபோச்சு, கடைக்குப் போகணும்” என்றாராம் கணவர்.

“பால் தீந்துபோச்சுன்னாலே புரியுதே, மிச்சம் எதுக்கு?”

“அப்ப நீயே போ. இது போதுமா?”

அந்தக் கத்திரி ஒரே ஒருமுறை, வெட்டாமல் ஒட்டவைத்தது.

ஒரு கேமில் சதா வளவளக்கும் படகோட்டி வருவான். நாயகியின் அண்ணன் இறந்த அன்று அவளை அக்கரை சேர்க்கும்போது மட்டும் அவன் வாயே திறப்பதில்லை. எழுதியவர் கூச்ச சுபாவம் கொண்ட இளைஞர்.

“என்னப்பா, தாள் காலியா இருக்கு? ஆறுதலா நாலு வார்த்த சொல்லட்டும்.”

“அவன் பேசாம இருக்கறதுதான்க்கா ஆறுதல்.”

“வெளையாடறவங்களுக்குப் புரியணும்ல?”

அந்த இளைஞர் வாதாடவில்லை. எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் வேலையை விட்டார்.

கேம் வெளிவந்ததும் தங்கை மகள் ஆடுவதை அக்கா பக்கத்திலிருந்து பார்த்தார். படகோட்டி பேசத் தொடங்கியதுமே அவள் பொத்தானை அழுத்தி அந்த வசனத்தைத் தள்ளிவிட்டாள்.

“ஏன்டி தள்ளிட்ட?”

“எல்லாரும் சொல்றதுதானே பெரியம்மா.”

மறுநாள் அந்த எழுத்தாளரைத் தொலைபேசியில் பிடித்தார். அவருடைய அண்ணன் தவறிய அன்று, தினமும் சவாரிக்கு வரும் வாய் ஓயாத டாக்சிக்காரர் ஒருவர்தான் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சொல்கூடப் பேசாமல் வீட்டில் கொண்டுவந்து விட்டாராம்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா?”

“சொன்னா என்னப் பாத்துப் பாவப்பட்டு விட்டிருப்பீங்க. எழுத்தப் பாத்து விடணும்னு நெனச்சேன்க்கா.”

மேலாளரிடம் மல்லுக்கட்டி, அடுத்த அப்டேட்டில் அந்த வசனத்தை எடுக்கவைத்தார் அக்கா. துடுப்புச் சத்தத்தை மட்டும் விட்டுவைத்தவன் நான். அக்கா அந்த எழுத்தாளரிடம் செய்தியைச் சொல்லி, வேலைக்குத் திரும்பி வரும்படி கேட்டார்.

“இப்ப எழுதறதில்லக்கா. எத எழுதினாலும் உங்க குரல்லயே கேக்குது.”

அன்று அக்கா வேறெந்தத் தாளையும் தொடவில்லை.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு காட்சியை நீட்டினாள். அக்கா வாய்விட்டுப் படித்தார். நெற்றி சுருங்கியது. “இது எனக்குப் பிடிபடலம்மா” என்றவர், பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்து, அவள் உட்கார இடம் செய்தார்.