தீர்த்தம் குடித்த பேட்டரி

பேட்டரித் தொழிலில் ஆசிட்டைக்கூட நம்பிவிடலாம், பாசக்கார வாடிக்கையாளரைத்தான் நம்பவே முடியாது. ஆசிட் துப்பட்டாவில் நாலு ஓட்டை போடுவதோடு விட்டுவிடும். பெரம்பலூரில் என் கூடப்பிறந்த அண்ணன் கடையில் தொழில் பழகி, இப்போது தனியாகச் சார்ஜிங் கடை வைத்திருக்கும் எனக்கு, ஓட்டையில்லாத துப்பட்டா ஒன்றுகூடக் கிடையாது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ‘பீப் பீப்’ என்று கத்துவதைக் கேட்டு மெழுகுவத்தி தேடும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பட்ட பாட்டைக் கேட்டாவது உங்கள் பேட்டரியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

வண்டிக்குள்ளே ஒரு வூடு

என் வாடிக்கையாளர் பிலோமினா அக்காவுக்கு ஊர் வரதராஜன்பேட்டை. அவர் வீட்டுக்காரர் லூர்து அண்ணன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தூசியில் அவர் இருமுகிற இருமலுக்குத் தெருவே எழுந்து உட்காருமாம். “இனிமே அந்த வண்டியில ஏறினீங்கன்னா நான் பொறந்த வூட்டுக்குப் போயிடுவேன்” என்று அக்கா ஒரே பிடியாக நின்று, பழைய வேன் ஒன்றை வாங்க வைத்துவிட்டார். உள்ளே கட்டில், ஃபேன், குட்டி ஃப்ரிட்ஜ், சுற்றிலும் பல்பு வைத்த பெரிய கண்ணாடி. கோயில் குளம் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம், கல்யாணம் என்றால் பொண்ணை உள்ளேயே உட்கார வைத்து ஜோடிக்கலாம். இந்த வேன் தொழில் நிலைக்கவில்லை என்றால் அண்ணன் மறுபடியும் டிப்பருக்குத்தான் போகணும். அக்காவுக்கு அந்த ஒரு பயம்தான் ராத்திரி பகல்.

இத்தனையும் ஓடுவதற்குக் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய பேட்டரி. வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரி வேறு, இது வேறு. இது மெதுவாக, நெடுநேரம் கொடுக்கிற ஜாதி. சார்ஜில் பாதிக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்ததை அன்றைக்கே சார்ஜ் போட்டு நிரப்பிடணும் என்று லூர்து அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். நன்றாகத் தலையை ஆட்டினார். அடுத்த வாரமே ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்க ஒரு குடும்பத்தை ஏற்றிப்போய், நாள் முழுக்க ஃபேனும் பாட்டும் ஓடவிட்டு, பேட்டரியைச் செத்த பாம்பாகக் கொண்டுவந்து போட்டார். ஏண்ணே, நான் சொன்னது காதுல விழலையா என்று கத்தினேன்.

“சோத்துப் பானையப் பாதியில மூடி வைக்கிற பழக்கம் எங்க வூட்டுல இல்லம்மா.”

கற்பூரம்

வண்டி ஓட்டுகிறவருக்கு ஆயுத பூஜை என்றால் எம்மதமும் சம்மதம். லூர்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கும் போவார், ஆயுத பூஜைக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழமும் வைப்பார். பழம் வைத்ததோடு நிற்கக் கூடாதோ? பேட்டரியும் ஆயுதம்தானே என்று அதற்கும் பட்டையாகச் சந்தனம் பூசிவிட்டார், பிளஸ் முனையிலிருந்து மைனஸ் முனை வரைக்கும். ஈரச் சந்தனம், மேலே கசிந்திருந்த ஆசிட், ஊர்ச் சுண்ணாம்புத் தூசி எல்லாம் சேர்ந்து கரண்டுக்குப் பாலம் போட்டுவிட்டன. ஒரு சுவிட்சைக்கூடப் போடாமலே சும்மா நின்ற வண்டியில் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போயிருக்கிறது.

பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி, வெந்நீரில் சோடா மாவு கலந்து துடைத்து, சார்ஜில் போட்டேன். மூடியெல்லாம் திறந்து, உள்ளே தளதளவென்று குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, சந்தனத்தைத் துடைத்த தோஷம் போகணும் என்று மனுஷன் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு கிட்டே வருகிறார்! அந்தக் குமிழியில் வருகிற வாயுவில் ஒரு பொறி பட்டால் போதும், பேட்டரி வெடித்து ஆசிட் மூஞ்சியில் தெறிக்கும். பாய்ந்துபோய்க் கையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளி, ஃபூ என்று ஊதி அணைத்தேன். அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கற்பூரத்த வாயால ஊதி அணைச்ச பொண்ண இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்!”

மாதா பாட்டில்

ஆண்டிமடத்தில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. பொண்ணு அலங்காரம் வேனில்தான் என்று பேச்சு. இதற்குள் டிப்பர் காண்ட்ராக்டர் வேறு லூர்து அண்ணனுக்குப் போன் மேல் போன். “இந்தக் கல்யாணத்துல வண்டி சொதப்பினா நான் பேசாம கல்லு லோடுக்கே போயிடறேன்” என்று அண்ணன் சொல்லிவிட்டார். கேட்ட அக்காவுக்கு உயிரே இல்லை. நேராகப் போய், மாதா கோயிலுக்குப் போனபோது வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தை எடுத்து, பேட்டரியில் கழுத்து வரைக்கும் ஊற்றிவிட்டார். பேட்டரிக்கு எதுவும் கலக்காத டிஸ்டில்டு வாட்டர் ஒன்றுதான் ஆகும், அதையும் சார்ஜ் ஏறின பிறகு அளவாகத்தான் ஊற்றணும். இங்கே சார்ஜ் போட்டதும் எல்லா ஓட்டை வழியாகவும் நுரைத்துப் பொங்கி வழிந்து, கட்டில் பலகையெல்லாம் ஆசிட்.

நான் போய்ப் பார்த்தபோது, மாதா உருவத்தில் செய்த பிளாஸ்டிக் பாட்டில், நீல மூடியைத் திறந்துவைத்தபடி, காலியாகப் பக்கத்தில் நிற்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல வேளை, இரண்டில் ஒன்றுக்குத்தான் தீர்த்தம் கிடைத்திருந்தது. அந்தப் பேட்டரியைத் தூக்கிக் கடாசினேன். பழசோடு புதுசை ஜோடி சேர்த்தால் பழசு புதுசையும் கெடுக்கும், ஆக கல்யாணத்துக்கு மிச்சம் ஒற்றை பேட்டரி. வாயில் வந்தபடி திட்டினேன். அப்புறம் அக்கா கண்ணைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது. தீர்த்தத்தில் உப்பு கலந்திருக்கும், இது பச்சைத் தண்ணியைவிட மோசம் அக்கா, நான் கொடுத்த டிஸ்டில்டு வாட்டர் கேனை ஏன் தொடலை என்று மெதுவாகக் கேட்டேன்.

“உன் கேனு மேல மாதா படம்கூட இல்லையே கண்ணு, அத நம்பி எப்புடி ஊத்துறது?”

பூட்டு

பேட்டரிப் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை என் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டேன்.

“மாதா கோயில் சாவியையும் உன்கிட்டதான் குடுக்கணும்போல” என்று லூர்து அண்ணன் முனகினார்.

கல்யாணத்தன்று

எனக்குப் பொறுக்குமா? நானும் கூடவே ஆண்டிமடம் போய்விட்டேன். பொண்ணுக்குப் பாதி அலங்காரம் ஆகியிருக்கிறது, மண்டபத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ரெண்டு தடவை செருமிவிட்டு அடங்கிவிட்டது. ஊரிலேயே ஃபேன் சுற்றுவது எங்கள் வேனில் மட்டும்தான். அவ்வளவுதான், கூட்டம் சேர்ந்துவிட்டது. போட்டோக்காரர் விளக்குக்குச் சார்ஜ் கேட்கிறார். சமையல்காரர் ‘சட்னி மட்டும்’ என்று மிக்சியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அக்காவுக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லி வழக்கமில்லை, ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஒற்றை பேட்டரி, மிக்சி! நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து அண்ணன் போய் வேன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“பாதிக்கு மேல இழுக்கக் கூடாதுங்க. ஃபேனு, கண்ணாடி லைட்டு, அவ்வளவுதான். சட்னிய அம்மிக்கு அனுப்புங்க” என்கிறார் கறாராக. சோற்றுப் பானை மனுஷனா இது! கடைசியாக மாப்பிள்ளையே வந்தார். டிரிம்மர் நடுவழியில் நின்றுபோய், ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் தாடி. கூடவே அவர் அப்பா, “மாப்பிள்ளைக்கே இல்லைங்கிறியா?” என்று எகிறுகிறார். அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் அக்காவைப் பார்க்கிறேன். பெரியவர் கோபித்துக்கொண்டால் வேனின் பேர் அன்றோடு போச்சு. அப்போது உள்ளேயிருந்து பொண்ணு குரல் கொடுத்தது.

“ஒரு பக்கத் தாடிக்கே இந்தப் பாடா? சவரக்கத்தியக் குடுத்து அனுப்புங்க மாமா, எனக்கு இன்னும் ஒரு கண்ணுக்கு மை போடல!”

பெரியவரே சிரித்துவிட்டார். பொண்ணு மணவறைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு பல்புகூட மங்கவில்லை. போகிறபோது மாப்பிள்ளையின் அத்தை, தன் மகள் கல்யாணத்துக்கும் இதே வேன்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என் துப்பட்டாவிலேயே, ஓட்டையில்லாத இடமாகப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் காண்ட்ராக்டர் போன். லூர்து அண்ணன் எடுத்தார்.

“டிப்பருக்கு வேற ஆளப் பாத்துக்குங்க சார். நான் வூட்டுக்குப் போயி, இன்னைக்கே பேட்டரிய சார்ஜுல போடணும்.”

இப்போது லூர்து அண்ணன் வாரம் தவறாமல் என் கடைக்கு வந்து, சார்ஜில் இருக்கிற ஒவ்வொரு பேட்டரியாகக் குனிந்து பார்த்து, தண்ணி அளவு சரியா என்று எனக்கே பாடம் எடுக்கிறார் என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்கு வேறு குறை ஒன்றும் இல்லை.