புரியாததை எழுதிக் கொடு

எண்பதுகளின் கடைசியில் என் மூத்த மகன் பி.எச்.டி. சேர்ந்தான். பருத்தியில் விழும் வெள்ளை ஈயைப் பற்றிய ஆராய்ச்சி. அதே மாதம் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆர்டரும் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். ஆர்டரைப் பெருமாள் படத்தடியில் வைத்து, எது நல்லதோ அதை நீயே காட்டு என்று வேண்டிக்கொண்டேன். போலீஸில் இருந்த என் மைத்துனர், "தொப்பி போட வேண்டிய பய ஈ பிடிக்கப் போறானாம்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

மகனுக்கு வழிகாட்டும் பேராசிரியரின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். நல்ல நாள் பார்த்து, தாம்பாளம், வெற்றிலை பாக்கு, எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினோம். அவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். தட்டைத் தொடவில்லை. படிப்பு முடியட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. தட்டை வாங்காத மனுஷன் வேறெதையோ பெரிதாக எதிர்பார்க்கிறார் என்றுதான் பட்டது. திரும்பும்போது பஸ் முழுக்க மாம்பழம் மணத்தது.

அடுத்து வந்தது அதைவிட மோசம். படித்ததில் என்னென்ன புரியவில்லை என்று வெள்ளிக்கிழமைதோறும் மகன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். நான் நூல் மில்லில் வேலை பார்த்தவன். அங்கே ஒருவனை வெளியே அனுப்ப நினைத்தால், முதலில் அவன் கையாலேயே தப்பை எழுதி வாங்குவார்கள். பிறகு அந்தத் தாளைக் காட்டியே சீட்டைக் கிழிப்பார்கள்.

"ஏலே, தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடாதே. அம்புட்டும் புரிஞ்சுதுன்னு எழுதிக் குடு" என்றேன்.

"அம்புட்டும் புரிஞ்சா நான் எதுக்குப்பா அங்க போறேன்?"

ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவன் தாளோடு கிளம்பும்போது, ஆர்டரை அவன் கையில் கொடுத்து போலீஸுக்கே அனுப்பிவிடலாமா என்று படத்தடியில் கைவைப்பேன். எடுக்க மனசு வராது.

மாதக் கடைசி வெள்ளி. மகன் வந்ததும் பேராசிரியர் திருப்பிக் கொடுத்த தாளை முதல்முறையாக வாங்கிப் பார்த்தேன். கேட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் பதில் இருந்தது. எந்தப் புத்தகம் படிப்பது, எந்தப் பருத்திக்காட்டில் போய்ப் பார்ப்பது என்றெல்லாம் எழுதியிருந்தார். இரண்டே இரண்டுக்கு மட்டும், "எனக்கும் தெரியாது" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

என் மில் வாழ்க்கையில் எந்த மேஸ்திரியும் தன் கையால் அப்படி எழுதி நான் கண்டதில்லை.

மறுநாள் மைத்துனர் வந்து, "மச்சான், ஆர்டரை எடுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவன் போலீஸில் சேரப்போவதில்லை என்று சொன்னேன். அவர் காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

அன்றிரவு சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற பேராசிரியரை வேலையில் விட்டுவைப்பார்களா? விடிந்ததும் ஆண்டாள் கோவிலுக்குப் போனேன். மகன் நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை. இன்னொன்று பேராசிரியருக்கு. பட்டர் நட்சத்திரம் கேட்டார்.

"தெரியாது சாமி" என்றேன். "பெருமாள் பேருக்கே பண்ணுங்க. யாருக்குன்னு அவருக்குத் தெரியும்."