இஞ்சி சேர்க்கவும்

அரிசிக்கும் மாவுக்கும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வந்த எழுபதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இதழில் நான் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்த எனக்கு அந்த வேலை தற்செயலாகத்தான் வந்தது. பத்திரிகை ஆசிரியரின் தங்கை என்னோடு படிப்பித்தவர். அவர் கேட்டதற்காக ஒரு தீபாவளிக்குப் பலகாரக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பிறகு கிழமைக்கு ஒன்று என்றாகிவிட்டது. புனைபெயரில்தான் எழுதினேன். என் கணவருக்குக் கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மாமியும் என் சின்ன மகளும்.

எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே எனக்குப் பயம். கதை எழுதுகிறவருக்கு ஒரு சொல் பிழைத்தால் வாசிக்கிறவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். நான் எழுதுவதை ஆரோ அடுப்பில் வைத்து, இறக்கி, பிள்ளைகளின் வாயில் தீத்தப் போகிறார்கள். உப்பைக் கூட்டி எழுதிவிட்டேனோ, பாகு பதத்தைச் சரியாகச் சொன்னேனோ என்று கட்டுரையைக் கொடுத்துவிட்டு வரும்போது வல்லை வெளி முழுக்க யோசித்துக்கொண்டு வருவேன். பஸ் யன்னலால் காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றிலும் எனக்கு வியர்க்கும்.

சங்கக்கடையில் கூப்பன் அரிசி போதாமல், பாணுக்கு விடியவே பேக்கரி வாசலில் சனம் வரிசையில் நின்ற நாட்கள் அவை. வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அதனால் மரவள்ளிக் கறி பற்றி எழுதினேன். கிழங்கு அவிக்கும்போது சட்டியை மூடக் கூடாது, இஞ்சி சேர்க்கக் கூடாது, சேர்த்தால் நஞ்சாகும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புவார்கள். அது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதினேன், இரண்டையும்.

பத்திரிகை யாழ்ப்பாணப் பட்டணத்தில் விடியற்காலையே கிடைத்துவிடும். எங்கள் பக்கத்துக்கு மத்தியான பஸ்ஸில்தான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே என் பக்கத்தைத் திறந்தேன். தேங்காய்ப்பால் சேர்க்கவும். உப்புச் சேர்க்கவும். அதற்குக் கீழே, இஞ்சி சேர்க்கவும்.

முதலில் விளங்கவில்லை. திரும்ப வாசித்தேன். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவரின் கை பழக்கத்தில் ஓடியிருக்கிறது. வரிக்கு வரி 'சேர்க்கவும்' கோத்த கை, 'சேர்க்கக் கூடாது' என்று நான் எழுதியதையும் 'சேர்க்கவும்' என்றே கோத்துவிட்டது.

மாமிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுச் சிரித்தா.

"உதுக்கே நீர் உப்பிடிப் பதறுறீர்? மரவள்ளிக்கு இஞ்சி போடப்பிடாதெண்டு சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். ஆர் பேப்பரைப் பாத்துக் கறி வைக்கிறது?"

"ஒரு ஆள் வைக்கிறா, மாமி," என்றேன்.

உண்மையிலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். சில மாதங்களுக்கு முன் நான் கட்டுரை கொடுக்கப் போனபோது, மழையில் நனைந்து கிழிந்துபோன ஒரு பழைய இதழுக்குப் பதில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்தில் நின்றாள். இருபது வயது இருக்கும். "இவதான் எழுதுறவ," என்று ஆசிரியர் என்னைக் காட்டியதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விரும்பிக் கட்டினவர்கள். இரண்டு பக்கத்துச் சனமும் அவர்களோடு கதைபேச்சில்லை. பட்டணத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஓர் அறை எடுத்து இருந்தார்கள். "எனக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் எழுதுறதைத்தான் அண்டைக்கே சமைக்கிறனான்," என்றாள். அவளுடைய வீட்டைத் தேடி ஒருநாள் போய்த் தேத்தண்ணீரும் குடித்திருக்கிறேன்.

மகளை மாமியிடம் விட்டுவிட்டு நெல்லியடிச் சந்திக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. வந்த பஸ்ஸும் ஒவ்வொரு கோயிலடியிலும் நின்று நின்று போயிற்று. இருக்க இடம் கிடைத்தும் நான் இருக்கவில்லை. பட்டணத்தில் மாறி, பலாலி வீதியால் போகிற பஸ்ஸில் ஏறும்போது நாலு மணிக்கு மேலாகிவிட்டது. இந்நேரம் சமைத்துச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டும் போனேன். வேறென்ன செய்வது?

அறைக் கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்காரப் பெண் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அவையைத் தேடியோ வந்தனீங்கள்? அந்தத் தம்பிக்குச் சாப்பிட்ட கையோடை ஒரே சத்தி, வயித்திலை ஒண்டும் நிக்கேல்லை. தலையைச் சுத்தி விழுந்திட்டார். கார் பிடிச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போட்டினம்."

என்ன சாப்பிட்டவர் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. குசினிப் பக்கம் மரவள்ளித் தோல் குவிந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் அவள் தனியாக இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள். ஆர் சொல்லி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அழவும் இல்லை.

"சேலைன் ஏத்தியிருக்கினம் அக்கா. கண் முழிச்சுப் பாக்கிறார். ஆனால் கதைக்கிறார் இல்லை."

"நீர் சாப்பிடேல்லையோ?"

"அவர் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவமெண்டு இருந்தனான். ஒரு துண்டுதான் வாயிலை வைச்சன்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "பிள்ளை, நான் அப்படி எழுதேல்லை. சேர்க்கக் கூடாதெண்டுதான் எழுதினனான். அச்சிலை பிழைச்சுப் போச்சு," என்றேன்.

அவள் திரும்ப வாங்கில் இருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"இஞ்சி போடப்பிடாதெண்டு அம்மா சொல்லுறதை நானும் கேட்டிருக்கிறன் அக்கா. வாசிக்கேக்கை ஒருக்கா யோசிச்சனான். பிறகு, நீங்கள் எழுதினது பிழைக்காது, அம்மாவுக்குத்தான் தெரியேல்லை எண்டு நினைச்சுப் போட்டன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

வார்ட்டிலிருந்து வந்த இளம் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கசப்புக் கிழங்காயும் இருக்கலாம், வடிவா அவியாமலும் இருந்திருக்கலாம். இஞ்சியாலைதான் எண்டு நான் சொல்லமாட்டன்," என்றார். இஞ்சியால் இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அவருடைய வாயிலிருந்து அது வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவளைத் தனியே விட்டுவிட்டு வந்தேன். அன்று மாமி சாப்பிடக் கூப்பிட்டபோது, எங்கள் வீட்டுக் கறியையே என்னால் தொட முடியவில்லை. எத்தனை வீட்டில் அந்தப் பக்கம் விரித்துக் கிடந்ததோ? பருத்தித்துறையில், சாவகச்சேரியில், தீவுகளில், அவளைப் போல் என்னை நம்பி இன்னும் ஆர் இருக்கிறார்களோ?

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். அவளுடைய கணவர் கட்டிலில் எழும்பி இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். "இருங்கோ தம்பி," என்று கையைக் காட்டி இருத்தினேன்.

அங்கிருந்து நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியர் என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார். 'கூடாது' என்று தெளிவாக இருந்தது. எனக்கு அதில் ஒரு ஆறுதலும் வரவில்லை.

"அடுத்த ஞாயிறு ஒரு மூலையிலை திருத்தம் எண்டு போடுவம், ரீச்சர்," என்றார்.

"நாளைக்குப் போடுங்கோ. முன்பக்கத்திலை."

"எங்கடை பிழையை நாங்களே முன்பக்கத்திலை போடுறதோ?"

"ஒரு பெடியன் ஆசுப்பத்திரியிலை கிடக்கிறான் ஐயா. போடாட்டி நான் இனி எழுதமாட்டன்."

அவர் வெகுநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் முன்பக்கத்தில், கட்டம் போட்டு வந்தது.

அதற்குப் பிறகு வேறு எங்கும் ஆருக்கும் வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை. மாமி சொன்னதுபோல் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பேப்பரைப் பார்த்து ஒருவரும் சமைக்காமலும் இருந்திருக்கலாம். இரண்டில் எதை விரும்புவது என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் போய், அச்சேற முன் என் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். எழுத்துக் கோக்கிறவர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். நான் அவரை ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் அவளுடைய கணவருக்கு வவுனியாப் பக்கம் வேலை மாற்றம் வந்தது. சொல்லிவிட்டுப் போக இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவள் வயிற்றில் பிள்ளை. தான் செய்த பயற்றம் பணியாரம் கொண்டுவந்திருந்தாள். நான் எழுதியதைவிடச் சர்க்கரை குறைவு, ஏலக்காய் கூட.

"எனக்கு இப்பிடித்தான் பிடிக்குது அக்கா. அங்கை பேப்பர் நேரத்துக்கு வராதாம். இனி நானாப் பாத்துச் சமைக்க வேண்டியதுதான்," என்றாள்.

மாமி இரண்டாவதையும் எடுத்துச் சாப்பிட்டா. அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கமாட்டாள் என்று நினைத்தபோது மூச்சு இலகுவாக வந்தது.