உத்தரவு கிடைக்காத வருஷம்

பஹ்ரைனில் எட்டு மாதம் எனக்கு ரூம் கிடையாது. குடித்துவிட்டு டியூட்டிக்குப் போகாமல் கிடந்ததில் வேலை போனது. கூட இருந்தவர்கள் என் பெட்டியை வெளியே வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குதைபியாவில் ஒரு தமிழ் ஓட்டலின் பின்பக்கம் அட்டை விரித்துப் படுத்தேன்.

ஓட்டல் சமையல்காரர் திண்டிவனத்துக்காரர். ஒருநாள் காலை அரிசி மூட்டைகளுக்குள் எலி புகுந்துவிட்டதென்று கத்தினார். நான் போய் மூட்டை இடுக்கில் கையை விட்டு, வாலைப் பிடித்து எடுத்து வந்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"யோவ், நீ இருளரா?"

விமானம் ஏறிய நாள் முதல் வேறு சாதியைச் சொல்லித்தான் பிழைத்தேன். எலியும் பாம்பும் பிடிக்கிற சனம் நாங்கள் என்பதை அன்று கை முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

"ஆமாண்ணே."

"இதுல இன்னாய்யா வெக்கம்? நாளான்னிக்கு மாசிப் பௌர்ணமி. உங்காளுங்கல்லாம் கன்னியம்மாவக் கும்பிடக் கடலுக்குப் போவாங்களே. இங்க கடலுக்கா பஞ்சம்?"

கன்னியம்மாவுக்கு மணலில் படிக்கட்டு பிடிக்கிற கையில் சாராய வாடை கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு நாள் குடிக்கவில்லை. உடம்பு உதறியது. அவர் ஸ்டோரில் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்தார். "வெளிய போன, கால ஒடச்சிடுவேன்."

பௌர்ணமியன்று விடியலில் இருவரும் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் ஏழு படி பிடித்தேன். மூன்றாவது படி சரிந்தது, மறுபடி பிடித்தேன். தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினேன். பிறகு யார்மேலாவது அம்மா இறங்கிக் குறி சொல்ல வேண்டும். குடியை விடட்டுமா, வேண்டாமா என்று கேட்கத்தான் போயிருந்தேன்.

"என்னப் பாக்காத. உங்க சாமி எம்மேல வராது," என்றார் அவர்.

வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். குறி வரவில்லை.

"அம்மா உத்தரவு இல்லாம நாங்க எதையும் தொட மாட்டோம்ணே."

"அப்ப பாட்டிலையும் தொடாத. அதுக்கும் உத்தரவு இல்லியே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் பதிந்துவிட்டது. முதலாளியிடம் பேசிப் பாத்திரம் கழுவும் வேலையும் ஸ்டோரில் படுக்க இடமும் வாங்கித் தந்தார். கேட்டவர்களிடம் இருளன் என்றே சொன்னேன். விசா பேப்பரெல்லாம் சரியாவதற்கு இரண்டு வருஷம் ஆனது. மாசிதோறும் படி பிடித்தேன். குறி வரவில்லை, குடிக்கவும் இல்லை.

மூன்றாம் மாசிக்கு லீவில் ஊருக்கு வந்தேன். எங்கள் சனம் கூடிய கடற்கரையில் என் மனைவிமேலேயே அம்மா இறங்கினாள்.

"இன்னாடா கேக்கணும் ஒனக்கு?"

"புள்ளைங்க நல்லா இருக்கணும் தாயே."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல தாயே."