அக்கினி மூலைக் காற்று

ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் சுண்ணாம்பு பூச வந்தபோது லாதூராமுக்கு மீசை முளைக்கவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷம், அந்தப் பெரிய நிழல் கடிகாரத்தின் படிகளும் பளிங்குக் கோடுகளும் அவன் கை பட்டுத்தான் நின்றன. கோடு ஒரு நூல் பிசகினால் நேரமே பிசகிவிடும் என்று தெரிந்த வேலைக்காரன். ஜோசியர்கள் வந்து நிழலைப் பார்த்து நாழிகை சொல்லிவிட்டுப் போவார்கள். நிழல் விழ இடம் பண்ணி வைத்தவனை எவன் திரும்பிப் பார்த்தான்? அந்தக் குறை அவனுக்கு உண்டு, இல்லாமல் என்ன. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அது தீரும்.

ஆஷாடப் பௌர்ணமி அன்று பொழுது சாயும்போது, கடிகாரத்தின் உச்சிக்குக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் லாதூராம்தான். கொடி பறப்பதை வைத்து அந்த வருஷத்து மழையைச் சொல்வது கஜானந்த் பண்டிதனின் வேலை. காற்று கிழக்கிலிருந்து வந்தால் நல்ல மழை. தென்கிழக்கே அக்கினி மூலையிலிருந்து வந்தால் பயிர் கருகும். கீழே நிற்கும் கூட்டத்துக்குத் துணி படபடப்பதுதான் தெரியும், மூலை பிடிபடாது. மேலே நிற்கிற இரண்டு பேர் சொன்னதுதான் சொல். இரண்டு பேரும் ஒரே தெருவில் கோலி விளையாடி வளர்ந்தவர்கள்.

அந்த வருஷம் கூட்டத்தில் லாதூராமின் மைத்துனன் கல்யாணும் நின்றான். இரண்டு வருஷமாக மழையில்லாமல் நொந்துபோன சம்சாரி. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே மூட்டை விதைக் கம்பு. மழை உண்டு என்றால் முதல் தூறலிலேயே அத்தனையும் விதைத்துவிடுவான். சந்தேகம் என்றால் பாதியை எடுத்து வைப்பான். அதைத் தெரிந்துகொண்டு போகத்தான் ஊரிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்திருந்தான்.

சூரியன் இறங்கியது. லாதூராம் கழியை நட்டக்குத்தலாகப் பிடித்தான். காற்று அப்பட்டமாக அக்கினி மூலையிலிருந்து வந்தது. கஜானந்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவி மனுஷன், இந்த வருஷம் அமோக மழை என்று பஞ்சாங்கத்தில் அச்சடித்து ஊரெல்லாம் விற்றுத் தீர்த்திருந்தான்!

"லாதூ, கிழக்குன்னு சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பழி என் தலையில. உன்னை விட்டுக்கொடுப்பேனா?"

லாதூராம் வாயைத் திறக்கவில்லை. கஜானந்த் கிழக்கு என்று கூவினான், கீழே ஒரே ஆரவாரம். படியிறங்கி வந்த லாதூராமைக் கல்யாண் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"நிசந்தானா ஜீஜாஜி?"

சிநேகிதனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. லாதூராம் தலையாட்டினான். தலையாட்டித் தொலைத்தான்.

முதல் தூறலில் கம்பு முளைத்தது. அப்புறம் நாற்பது நாள் வானம் ஒரு சொட்டு விடவில்லை. ஆவணியில் ஒரு மழை பெய்தபோது, விதை மிச்சம் வைத்திருந்தவன் மறுபடி விதைத்தான். கல்யாண் கருகின தட்டையைப் பிடுங்கிக்கொண்டு நாலைந்து சம்சாரிகளோடு ஜெய்ப்பூர் வந்து சேர்ந்தான். கடிகாரத்தின் நிழலில் சாய்ந்திருந்த கஜானந்தைச் சூழ்ந்துகொண்டு, இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். அவன் பாக்கை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"நான் என்னப்பா பண்றது? கழியைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கான். சுண்ணாம்பு அடிக்கிறவன் கையில கொடியைக் கொடுத்தது என் தப்புதான்."

பத்தடி தள்ளி லாதூராம் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தான். கஜானந்த் ஒரு தடவையாவது தன்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தான். பார்க்கவில்லை. எழுந்து வந்து நடந்ததை நடந்தபடி கொட்டித் தீர்த்தான். அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று ஒரு கிழவர் கேட்டார். அவ்வளவுதான். இனிமேல் கொடியை வேறு ஆள் பிடிக்கட்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

எல்லோரும் போனபிறகு கல்யாண் மட்டும் நின்றான். லாதூராமுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறக்காத பிறப்பாக நினைத்தவன் இப்படிக் கழுத்தறுத்துவிட்டானே, கோலி விளையாடின நாளிலிருந்து உள்ள பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று மைத்துனனிடம் புலம்பினான். கல்யாண் கடைசிவரை கேட்டுக்கொண்டான்.

"அவரைப் பத்தி எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? அவர் கூவினதை நான் நம்பவே இல்லையே. நம்பாமத்தானே உங்களைத் தனியா இழுத்துக் கேட்டேன்."