ஒரு பக்கம் மட்டும் பாடிய தட்டுகள்

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. தஞ்சோங் காராங்குக்கு வடக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் கணவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி; நான் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுப்பேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியும் என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார். பக்கத்துத் தோட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு, அவர் தன் நாட்டுக்கே திரும்பிவிடத் தீர்மானித்தார். புறப்படுவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, புனல் வைத்த பழைய கிராமபோனையும் பதினோரு இசைத்தட்டுகளையும் கொடுத்தார். அவருடைய அம்மா வாங்கியவையாம்.

எல்லாம் இத்தாலி மொழிப் பாட்டுகள். மேடையில் கதையை முழுக்கப் பாடியே நடிப்பார்களே, அந்த ஓபரா நாடகங்களில் வருபவை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பக்கத்தில்தான் பாட்டு. மறுபக்கம் வழவழவென்று இருக்கும்.

மத்தியானம் சாப்பிட வரும்போது என் கணவர் ஒரு தட்டுப் போடுவார். ஊசி கிடைக்காத நாள்களில் மூங்கிலை மெல்லியதாகச் சீவி மாட்டுவார். முதலில் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஓர் இரைச்சல். அதற்கு உள்ளேயிருந்து வயலின்கள் கீச்சிடும். பிறகு ஒரு பெண் பாடத் தொடங்குவாள். தேவாலயத்தில் சின்ன வயதிலிருந்து பாடிய எனக்கே, மனிதக் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று தெரியாது.

“இதெல்லாம் மைக் வர்றதுக்கு முந்தி எடுத்தது,” என்றார் அவர். எங்கோ பத்திரிகையில் படித்திருந்தார். “பெரிய புனல் ஒண்ணு இருக்கும், அதுக்கு நேரா நின்னு பாடணும். குரல் உச்சிக்குப் போறப்ப ஓரடி பின்னால நகந்துக்கணும். இல்லன்னா ஊசி துள்ளிப் பதிவு கெட்டுடும்.”

அதன் பிறகு அந்தக் குரல் ஏறும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருத்தி பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்வது எனக்குத் தெரிந்தது. அவள் நகரும் இடத்தை நான் சரியாகச் சொல்லிவிடுவேன். அவர் சிரிப்பார்.

அடுத்த வருஷம் அவருக்குப் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். தஞ்சோங் காராங்கில் சாலையை மறித்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று பானை, தலையணை எதையும் விடவில்லை. மலாய்க்காரக் கார்ப்பரல் ஒருவர் தட்டுப் பெட்டியைத் திறந்தார். அவர் கேட்டதைத் தமிழ்க் கான்ஸ்டபிள் எங்களுக்குச் சொன்னார்.

“அக்கா, இது என்னா பாஷைன்னு கேக்குறாரு.”

“இத்தாலி பாஷைங்க.”

“என்னா சொல்றாங்களாம் அதுல?”

“அது எங்களுக்கும் தெரியாதுங்க.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு தப்பான பதில் என்று உறைத்தது. கார்ப்பரல் தட்டைத் திருப்பினார். மறுபக்கத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே ஏன் ஒன்றுமில்லை என்பது அவருடைய அடுத்த கேள்வி. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்று என் கணவர் சொன்னதை அவர் நம்பவில்லை.

“போட்டுக் காட்டச் சொல்றாரு லா, ஐயா. ரெண்டு பக்கமும்.”

லோரியின் பின்பலகையை இறக்கி, கிராமபோனை அதன்மேல் வைத்துச் சாவி கொடுத்தார் என் கணவர். முதலில் வெறும்பக்கம். ஊசி வழுக்கிக்கொண்டு ஓடிக் கர்ரென்று கத்தியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கார்ப்பரலின் முகம் சிவந்தது.

என் கணவர் தட்டைத் திருப்பிப் போட்டார். அவள் பாடினாள். சைக்கிள்காரர்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள், எங்கள் லோரி டிரைவர், எல்லோரும் கிட்ட வந்து நின்று கேட்டார்கள். வாய்க்கால் ஓரமாக நின்ற ஒரு மலாய் அம்மா, “கெசியான்,” என்று உச்சுக்கொட்டினார், யாருக்கோ பாவம் பார்ப்பதுபோல. பாட்டு முடிந்தது. கார்ப்பரல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவ போட முடியுமான்னு கேக்குறாரு,” என்றார் கான்ஸ்டபிள். “இது சோதனைக்கு இல்லியாம்.”

இரண்டாவது முறையும் போட்டோம். பிறகு தட்டுகளைக் கார்ப்பரலே துணியில் சுற்றி வைத்தார். புது வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு வழிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கைலி கட்டிய ஒருவர் மனைவியோடு வாசலில் நின்றார். யூனிபாரம் இல்லாமல், அந்தக் கார்ப்பரல் என்று எனக்கு அடையாளமே தெரியவில்லை. ரம்புத்தான் கொண்டுவந்திருந்தார்கள். பாயில் உட்கார்ந்து பதினோரு தட்டுகளையும் கேட்டார்கள். பெண் பாடிய தட்டுக்கு அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் போன பிறகு என் கணவர் தட்டுகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்.

“இத நம்ம ரெண்டு பேரு மட்டுந்தான் கேப்போம்னு நெனச்சிருந்தேன்,” என்றார். எனக்கும் அதே நினைப்புத்தான் இருந்தது. ஆனால் அவர்களும் கேட்டதில் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஐந்தாறு ஞாயிறுகள் வந்தார்கள். பிறகு கார்ப்பரலுக்குப் பஹாங்குக்கு மாற்றல். சொல்லிக்கொள்ள வந்தபோது, என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கார்ப்பரலின் மனைவிக்குப் பிடித்த அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர்கள் வீட்டில் கிராமபோன் கிடையாது.

“பாட்டுப் பெட்டி பொறவு வாங்கிக்கலாம்னு சொல்லு,” என்று என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அந்தப் பெண் தட்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

அவர்கள் பாட்டுப் பெட்டி வாங்கினார்களா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.